மின்படகு பாதி வழியில் நிற்கிறதா? பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சிறிய பைபர் படகில் மின் மோட்டார் மாட்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் சொல்லும் புகார், "பேட்டரி சரியில்லை" என்பது. கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் பாதிப் பேருக்கு பேட்டரி நன்றாகவே இருக்கும். வேலைக்குப் பொருந்தாத பேட்டரியை வாங்கியிருப்பார்கள். அல்லது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். இது தெரியாமல் அதே மாதிரி இன்னொன்றை வாங்கினால் காசுதான் போகும், குறை அப்படியே இருக்கும்.

ஏரியிலும் காயலிலும் பரவலாகப் பார்க்கும் ஓர் அமைப்பையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: 14 முதல் 16 அடி பைபர் படகு, இரண்டு மூன்று பேர், 12 வோல்ட்டில் ஓடும், 55 பவுண்ட் உந்துவிசை தரும் ட்ரோலிங் மோட்டார் (சிறு படகை மெல்ல ஓட்டும் மின் மோட்டார்). இந்த வகை மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்ப் வாக்கில் இழுக்கும். உங்கள் மோட்டார் வேறாக இருந்தால் எண்கள் மாறும், தேடும் வழி மாறாது.

கையில் இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று சாதாரண மல்டிமீட்டர். இன்னொன்று டி.சி. ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டர். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்; மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏ.சி. மட்டும்தான் காட்டும், படகில் மாட்டினால் பூஜ்யத்திலேயே நிற்கும். மோட்டாரின் ஒவ்வொரு வேகத்துக்கும் எத்தனை ஆம்ப் ஓடுகிறது என்று, வழக்கமாக ஏற்றும் ஆட்களுடன், தண்ணீரில் வைத்து அளந்து எழுதி வையுங்கள். கீழே வரும் எல்லாமே அந்தச் சீட்டை நம்பித்தான் இருக்கிறது. என் கருத்து இதுதான்: பேட்டரியின் மேல் பெரிதாக அச்சடித்த ஏ.எச். எண்ணை (ஆம்ப்-ஹவர், அதாவது எத்தனை ஆம்பை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவை) மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. மோட்டார் இழுக்கும் ஆம்பையும், கரைக்குத் திரும்பி வர வேண்டிய தூரத்தையும் பார்த்து வாங்க வேண்டும்.

"2 மணி நேரம் ஓட வேண்டியது, அரை மணியில் சோர்ந்துவிடுகிறது"

ஈய-அமில பேட்டரி வைத்திருப்பவர்களின் புகார் இது. கணக்கு எளிதாகத் தெரியும்: 100 ஏ.எச். பேட்டரி, 50 ஆம்ப் மோட்டார், ஆகவே 2 மணி நேரம். இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது.

முதலாவது, அந்த 100 என்ற எண் எந்த வேகத்தில் அளந்தது என்பது. பேட்டரியின் லேபிளில் சின்ன எழுத்தில் சி20 என்று இருக்கும். 20 மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல, அதாவது 5 ஆம்ப் வீதம் எடுத்தால்தான் 100 ஏ.எச். கிடைக்கும் என்று அதற்குப் பொருள். வேகமாக உறிஞ்சினால் கிடைக்கும் மொத்த அளவே குறைந்துவிடும். இதை ஜெர்மனியைச் சேர்ந்த பாய்க்கர்ட் 1897-இல் சூத்திரமாக எழுதினார். சாதாரண தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு அந்தச் சூத்திரத்தில் வரும் அடுக்கு எண்ணை 1.25 என்று வைத்துப் பார்த்தால், 50 ஆம்பில் அந்த 100 ஏ.எச். பேட்டரி 1 மணி 7 நிமிடத்தில் முழுக்கக் காலி. கையில் கிடைத்தது 56 ஏ.எச். மட்டும்.

இரண்டாவது, ஈய பேட்டரியை முழுக்கக் காலி செய்யக் கூடாது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் மளமளவென்று குறையும். ஆக, 1 மணி 7 நிமிடத்தில் பாதி, அரை மணி சொச்சம். உங்கள் பேட்டரி சோர்வது அதே நேரத்தில்தான் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நன்றாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, 20 ஆம்ப் இழுக்கும் வேகத்திலேயே ஓட்டிப் பாருங்கள். அதே கணக்குப்படி முழுக்கக் காலியாக 3 மணி 30 நிமிடம் ஆகும், பாதிக்கு வர ஒன்றேமுக்கால் மணி. அதற்கு நெருக்கமாக ஓடினால் பேட்டரி நலம். அப்போதும் அரை மணியில் படுத்தால் உண்மையிலேயே பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது.

வேகத்தைக் குறைத்தால் இவ்வளவு கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரைப் பிளந்து போகும் படகுக்குத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் மடியை ஒட்டி ஏறும். முழு 600 வாட்டில் மணிக்கு 5.5 கி.மீ. போகிற படகு, 240 வாட்டிலேயே 4 கி.மீ. போகும். கால் பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் மின்செலவில் பாதிக்கு மேல் மிச்சம். புது பேட்டரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வைத்தியம் இதுவே, காசும் செலவில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு. முன்னுக்கு 5 வேகம், பின்னுக்கு 3 வேகம் என்று கிளிக் கிளிக்காக மாறும் பழைய வகை மோட்டார்களில் குறைந்த வேகத்துக்கு உள்ளே ஒரு மின்தடைச் சுருள்தான் இருக்கிறது. மிச்சமாகும் என்று நினைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தச் சுருளில் சூடாகப் போய்விடும். வேகத்தைப் பாதியாக்கியும் ஆம்ப் பெரிதாகக் குறையவில்லை என்று கிளாம்ப் மீட்டர் காட்டினால் காரணம் அதுதான். படி இல்லாமல் திருகி வேகம் மாற்றும் மின்னணு வகைக்கு மாறினால், இருக்கும் பேட்டரியே கூடுதல் தூரம் ஓடும்.

"புது பேட்டரி, ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை"

என்ன வகை வாங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கார், லாரி பேட்டரி என்றால் மேற்கொண்டு தேட வேண்டாம். இஞ்சினைச் சில விநாடிகள் சுழற்றுவதற்காக அதற்குள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுக்கும். ஆனால் ஆழமாக இறக்கி ஏற்றினால் தகட்டுப் பூச்சு உதிர்ந்து அடியில் தங்கிவிடும். அதை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் படகுக்கு ஆகாது.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் டியூபுலர் பேட்டரி இப்படியல்ல. அது ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே செய்தது, எங்கும் கிடைக்கிறது, லித்தியத்தைவிட விலையும் குறைவு. அதனால்தான் பலரும் வீட்டில் இருப்பதைத் தூக்கிப் படகில் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 150 ஏ.எச். டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் கனம், உயரமும் அதிகம். அலையில் படகு சாய்ந்தால் மூடி வழியாக அமிலம் சிந்தும். சிந்திய அமிலம் படகின் அடித்தளத்தில் தேங்கி வயரையும் போல்ட்டையும் அரிக்கும். கடல் நீரோ உப்பங்கழி நீரோ செல்லுக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். நீர்மூழ்கிக் கப்பல்களில் பேட்டரி அறைக்குள் கடல் நீர் வந்துவிடுமோ என்று அஞ்சியது இதனால்தான். கட்டிப்போட்ட படகுவீட்டில் விளக்கு, மின்விசிறிக்கு டியூபுலர் வைக்கலாம். ஆள் ஏறி இறங்கி ஆடும் 14 அடிப் படகில் வேண்டாம்.

யு.பி.எஸ்.களில் வரும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய எஸ்.எம்.எஃப். பேட்டரி சிந்தாது, ஆனால் அதில் பல வகை எப்போதோ ஒருமுறை பத்து நிமிடம் உழைப்பதற்காகச் செய்தவை. வாங்கினால் டீப் சைக்கிள் (ஆழமாக இறக்கி ஏற்றத் தக்கது) என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்கும் ஏ.ஜி.எம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த மூடிய ஈய பேட்டரி) ஆகப் பார்த்து வாங்குங்கள்.

வகை சரி, ஆனாலும் செத்துவிட்டது என்றால் சார்ஜ் பழக்கத்தைப் பாருங்கள். ஈய பேட்டரியைப் பாதி இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகட்டின் மேல் ஈய சல்ஃபேட் படிகம் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. கரைக்கு வந்த அன்று மாலையே சார்ஜில் போட வேண்டும். மழைக்காலத்துக்குப் படகைக் கரையேற்றி வைத்தால், மாதம் ஒருமுறையாவது முழுக்க ஏற்ற வேண்டும். லித்தியத்துக்கு இது நேர்மாறு: நீண்ட நாள் வைக்கும்போது பாதி சார்ஜில் வைத்து, வயரைக் கழற்றிவிட்டால் போதும்.

"முழு வேகம் கொடுத்ததும் பட்டென்று நிற்கிறது, பிறகு தானாக வந்துவிடுகிறது"

மெல்ல மெல்லச் சோர்வது ஈயம். சுவிட்சை அணைத்தது மாதிரி ஒரே நொடியில் நிற்பது லித்தியம். இந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும்.

படகுக்கு நான் சிபாரிசு செய்வது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், நான்கு செல் சேர்த்தால் 12.8. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை உண்டு. மின்னோட்டம், வோல்ட், வெப்பம் இவற்றில் எது எல்லை தாண்டினாலும் அது தொடர்பைத் துண்டித்துவிடும். படகு நின்றது என்றால் பெரும்பாலும் பி.எம்.எஸ். தன் வேலையைச் செய்திருக்கிறது. எதற்காகத் துண்டித்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தொடர் மின்னோட்ட எல்லை. 100 ஏ.எச். என்று இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றின் பி.எம்.எஸ். 50 ஆம்ப், இன்னொன்றினுடையது 100 ஆம்ப். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, விலையில் மட்டும் தெரியும். 50 ஆம்ப் மோட்டாருக்கு 50 ஆம்ப் பி.எம்.எஸ். என்பது தெளிந்த தண்ணீரில் ஓடிவிடும். ப்ரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை வேரோ வலைத் துண்டோ சுற்றியதும் மோட்டார் திணறி ஆம்ப் எகிறும், படகு நிற்கும். மோட்டாரின் உச்ச இழுப்பைப் போல ஒன்றரை மடங்காவது, முடிந்தால் இரண்டு மடங்கு தாங்கும் பி.எம்.எஸ். வேண்டும். "உச்சம் 100 ஆம்ப்" என்று மட்டும் சொன்னால் ஏமாறாதீர்கள். அது சில விநாடிகளுக்கான எண். தொடர்ந்து எத்தனை ஆம்ப் என்று கேளுங்கள். புல்லும் பாசியும் உள்ள இடத்தில் நின்றால், பேட்டரியைத் திறப்பதற்கு முன் மோட்டாரைத் தூக்கி ப்ரொப்பெல்லரைப் பாருங்கள்.

வயரை இணைத்த கணத்திலேயே ஒரு பொறி பறந்து பேட்டரி செத்தது போல ஆனால் அது வேறு சங்கதி. பெரிய மோட்டார்களின் கன்ட்ரோலருக்குள் கெப்பாசிட்டர்கள் இருக்கும். காலியாக இருக்கும் அவை இணைத்த நொடியில் பெரும் மின்னோட்டத்தை விழுங்கும். பி.எம்.எஸ். அதை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு மூடிவிடும். 48 வோல்ட் அமைப்பில் இது அடிக்கடி நடக்கும். முதலில் ஒரு மின்தடை வழியாக ஒன்றிரண்டு விநாடி நிரப்பிவிட்டு, அப்புறம் பிரதான சுவிட்சைப் போடும் முன்-சார்ஜ் இணைப்பு இருந்தால் தொல்லை தீர்ந்தது.

24 வோல்ட்டுக்காக இரண்டு 12 வோல்ட் லித்தியப் பெட்டிகளை வரிசையில் மாட்டியிருந்தால், ஒன்று மூடினாலும் இரண்டும் நின்ற மாதிரிதான். இரண்டையும் பிரித்து, தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் ஏற்றிச் சமப்படுத்திவிட்டு மீண்டும் மாட்டிப் பாருங்கள். வரிசையில் மாட்ட அந்த பி.எம்.எஸ். அனுமதிக்கிறதா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும், எல்லாம் அனுமதிப்பதில்லை.

காலையில் ஓடி, நண்பகலில் மட்டும் நின்றால் வெயிலைச் சந்தேகியுங்கள். மூடிய கறுப்புப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் என்ன சூடு இருக்கும் என்று கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். பல பி.எம்.எஸ்.கள் 60 டிகிரியை ஒட்டித் துண்டித்துவிடும். இருக்கைக்கு அடியில், நிழலில், காற்று போகும்படி வைத்தால் இந்தக் கோளாறு தானாகப் போய்விடும்.

"பேட்டரியில் வோல்ட் இருக்கிறது, மோட்டாரில் இழுவை இல்லை"

இங்கே கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும், ஏனென்றால் நல்ல பேட்டரிகள் வீணாகத் தூக்கி எறியப்படுவது இந்தக் கோளாற்றில்தான்.

படகைக் கயிற்றில் கட்டிவிட்டு முழு வேகம் கொடுங்கள். ஒருவர் மல்டிமீட்டரை பேட்டரியின் கம்பத்தில் வைக்கட்டும். வயரின் லக்கில் (வயர் நுனியில் அழுத்திய உலோக வளையத்தில்) வைக்காமல் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். 12.1 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். 10.6 காட்டுகிறது. ஒன்றரை வோல்ட் வழியில் காணாமல் போயிருக்கிறது. 50 ஆம்பில் ஒன்றரை வோல்ட் என்றால் 75 வாட், எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது.

எங்கே என்பதை மீட்டரை நகர்த்தியே பிடிக்கலாம். மோட்டார் ஓடும்போதே ஒரு முனையை பேட்டரிக் கம்பத்திலும் மறுமுனையை அதில் மாட்டிய லக்கிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த ஒரு இணைப்பே 25 வாட் தின்கிறது. இப்படியே லக்குக்கும் வயருக்கும் நடுவில், ஃபியூஸின் இரு புறமும், சுவிட்சின் இரு புறமும், பிளக்கிலும் வரிசையாகப் பாருங்கள். கையால் தொட்டும் பார்க்கலாம், ஆனால் மெதுவாக. பத்து நிமிடம் ஓடிய மோசமான லக் விரலைச் சுட்டுவிடும்.

பிடிபட்ட லக்கை வெட்டி, வயரின் உறையை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் சரி. பச்சைத் தூள் பூத்து, இழைகள் கறுத்து, முறுக்கினால் பொடிந்தால் உப்புக்காற்று உள்ளே ஏறிவிட்டது. இன்னும் ஒரு அங்குலம் உரியுங்கள், கறுப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். ஒரு முழம் தாண்டியும் கறுப்பு என்றால் வயரையே மாற்றுங்கள். காயலிலும் கடலோரத்திலும் ஓட்டுபவர்கள் ஈயம் பூசிய செம்பு வயரை வாங்கினால் இந்த வேலை குறையும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். பேட்டரிக் கம்பத்தில் கொஞ்சம் வாசலின்.

இணைப்பெல்லாம் சுத்தம், ஆனாலும் வோல்ட் விழுகிறது என்றால் வயர் மெலிவு. பேட்டரியை அணியத்தில் (படகின் முன்முனையில்) வைத்து மோட்டாரை அமரத்தில் (பின்முனையில்) மாட்டினால் போக 5 மீட்டர், வர 5 மீட்டர். வீட்டு வேலைக்கு வாங்கிய 6 ஸ்கொயர் எம்.எம். வயரில் 50 ஆம்ப் ஓடினால் இந்த 10 மீட்டரில் 1.5 வோல்ட் போகும். 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.6 வோல்ட், 25 போட்டால் 0.4. எடையைச் சமன் செய்ய பேட்டரியை முன்னே வைப்பது நல்லதுதான், அதற்குத் தகுந்த வயரும் போட்டால். இதைவிடப் பெரிய மோட்டார் என்றால் 24, 48 வோல்ட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம். அதே திறனுக்கு 48 வோல்ட்டில் ஆம்ப் கால் பங்கு. அதே வயரில் இழப்பு பதினாறில் ஒரு பங்கு.

ஃபியூஸ் பற்றி இரண்டே வார்த்தை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், 50 ஆம்ப் மோட்டாருக்கு 60 ஆம்ப். வீட்டில் போடும் ஏ.சி. எம்.சி.பி. இங்கே வேண்டாம், டி.சி. மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி வில்லை அணைக்கத் தக்கபடி அது செய்யப்படவில்லை. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும் என்பதால், அதற்கு கிளாஸ் டி (Class T) ஃபியூஸ்தான் நம்பகம்.

"அழுகிய முட்டை நாற்றம், பெட்டி உப்பல், சூடு"

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் சார்ஜரைச் சுவரிலேயே அணையுங்கள். பேட்டரியில் மாட்டிய கிளிப்பைப் பிடுங்கக் கூடாது. அங்கே ஒரு பொறி போதும். ஈய பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும், இலேசான வாயு என்பதால் பெட்டியின் மேல்பக்கத்தில் தங்கும். பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளை மேலே இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

நாற்றம் அடங்கியதும் சார்ஜரின் வோல்ட்டை அளந்து பாருங்கள். தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரிக்கு 14.4 வோல்ட்டை ஒட்டி ஏறி, பிறகு 13.6 வாக்கில் இறங்க வேண்டும். 15-க்கு மேலேயே நின்றால் சார்ஜர் கெட்டிருக்கிறது. ஒரு செல் மட்டும் சூடாகக் கொதித்தால் அந்த செல் ஷார்ட். பேட்டரிக்கு மறுவாழ்வு இல்லை.

லித்தியப் பெட்டி உப்பினால் ஏற்றவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். படகிலிருந்து இறக்கி, எரியும் பொருள் எதுவும் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். ஈய பேட்டரிக்கான சார்ஜரில் சல்ஃபேட் நீக்கும் பொத்தான் இருந்து, அதை லித்தியத்துக்கு அழுத்தினால் செல்கள் எல்லை மீறும். சார்ஜரையும் பேட்டரியோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய மின் ஸ்கூட்டரிலிருந்து பிரித்தெடுத்த செல்களை அடுக்கி மலிவாகச் செய்து தரும் பெட்டிகளைப் படகில் ஏற்றவே வேண்டாம் என்பேன். அவற்றில் பல என்.எம்.சி. என்ற வேறொரு லித்தியம் வகை, எல்.எஃப்.பி.யைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தறிகெட்டுப்போகும். ரோட்டில் வண்டியை விட்டு ஓடிவிடலாம், நடுக்காயலில் குழந்தையோடு எங்கே ஓடுவது?

"மீட்டரில் பாதிக்கு மேல் காட்டியது, அடுத்த நிமிடம் நின்றுவிட்டது"

வோல்ட்டை வைத்து அளவு காட்டும் மீட்டர் ஈயத்துக்கு ஓரளவு சரிவரும். ஓட்டி முடித்துச் சில மணி நேரம் ஓய்ந்த பின் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஆபத்து. எல்.எஃப்.பி.யில் இந்தச் சரிவே கிடையாது. முக்கால் பங்கிலிருந்து கால் பங்கு வரை 13.2-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்து, கடைசியில் பாறையிலிருந்து விழுவது போல விழும். அதே வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டு லித்தியத்துக்கு மாறியவர்கள் நடுவழியில் நிற்பது இதனால்தான். நெகட்டிவ் வயரில் ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகச் சிறிய மின்தடை) மாட்டி, போன ஆம்பையும் வந்த ஆம்பையும் எண்ணும் மீட்டர் போடுங்கள். அந்த ஷண்டைத் தாண்டி வேறு எந்த நெகட்டிவ் வயரும் நேராக பேட்டரிக்குப் போகக் கூடாது. விளக்கு வயர் ஒன்றை அப்படி மாட்டிவிட்டால் மீட்டரின் கணக்கு நாளுக்கு நாள் தப்பும்.

"சார்ஜ் ஏறவே இல்லை"

லித்தியம் முழுக்க இறங்கி பி.எம்.எஸ். மூடியிருந்தால் வெளியே பூஜ்ய வோல்ட் காட்டும். பேட்டரியே மாட்டவில்லை என்று எண்ணிச் சில சார்ஜர்கள் தொடங்காது. லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜர் இதற்கு வேண்டும். ஈயமாக இருந்து, சார்ஜில் போட்டவுடனே நிறைந்ததாகக் காட்டி, ஓட்டினால் உடனே இறங்கினால் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு மூன்று பேட்டரிகளை இணையாக மாட்டி, ஒன்று மட்டும் சீக்கிரம் கெட்டால் வயர் எடுத்திருக்கும் முறையைப் பாருங்கள். பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவைக் கடைசி பேட்டரியிலிருந்தும் எடுத்தால் சுமை பகிரும். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே பெரும்பங்குச் சுமையைத் தாங்கிச் சாகும். பழையதோடு புதியதைச் சேர்ப்பதும் கூடாது.

சூரியத் தகட்டை நம்புபவர்களுக்கு: 100 வாட் தகடு நம் வெயிலில் நாளுக்கு 400 வாட்-ஹவர் வாக்கில் தரும், அதுவும் கூரைக் கம்பியின் நிழல் மேலே விழாவிட்டால். மெதுவாக ஓட்டினால் அது 6 கி.மீ.க்கு மேல் போதும். முழு வேகத்தில் 4 கி.மீ.கூட வராது.

"போகும்போது நன்றாகப் போனது, திரும்பும்போது தீர்ந்துவிட்டது"

இதில் எந்தப் பாகமும் கெடவில்லை, பேட்டரியின் அளவு போதவில்லை. மணிக்கு 4 கி.மீ. போகும் படகு, 1.5 கி.மீ. நீரோட்டத்தோடு போனால் 4 கி.மீ. தூரத்தை முக்கால் மணியில் கடக்கும். அதே நீரோட்டத்தை எதிர்த்து வர 1 மணி 36 நிமிடம். காலையில் அசையாமல் கிடக்கும் காயலில் பிற்பகலில் கடற்காற்று எழும்பும், அதுவும் எதிரே அடித்தால் இன்னும் நேரம் பிடிக்கும். அதனால் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று வைத்து வாங்க வேண்டும்.

நம் உதாரணப் படகுக்கே கணக்குப் போடுவோம். 240 வாட்டில் 4 கி.மீ. வேகம் என்றால் கிலோமீட்டருக்கு 60 வாட்-ஹவர். 12.8 வோல்ட் 100 ஏ.எச். எல்.எஃப்.பி. என்பது 1,280 வாட்-ஹவர். அதில் எண்பது சதவீதத்தைப் பயன்படுத்தினால் 1,024, அதாவது 17 கி.மீ. மூன்றில் ஒரு பங்கு விதிப்படி கரையிலிருந்து ஐந்தரை கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. எடை 12 கிலோ வாக்கில். 150 ஏ.எச். டியூபுலரில் 20 ஆம்ப் வீதம் பாதி வரை இறக்கினால் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு, சுமார் 12 கி.மீ. எடையோ 50 கிலோவுக்கு மேல். முதலில் கொடுக்கும் காசு டியூபுலருக்குக் குறைவுதான், ஆனால் ஒற்றை ஆளாகக் கரையில் இறக்கி ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுபவருக்கு எது சரிவரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெரிய படகுகளிலும் இதே கேள்விதான். கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு வழியில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' 75 பேர் ஏறும் சூரியப் படகு. கூரையில் 20 கிலோவாட் தகடு, உள்ளே 50 கிலோவாட்-ஹவர் பேட்டரி. தினமும் ஒரே தூரம், ஒரே வேகம் என்பதால் அளவைத் துல்லியமாக வைக்க முடிந்தது. 2023-இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் லித்தியம் டைட்டனேட் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே எடைக்கு அது சேமிப்பது குறைவு, ஆனால் மிக வேகமாக ஏறும். படகுத்துறையில் ஆள் ஏறி இறங்கும் நேரத்திலேயே சார்ஜ் செய்துகொள்ளும் படகுக்கு அது பொருந்துகிறது. இரவு முழுதும் வீட்டில் ஏற்றும் நமக்கு அந்த விலை தேவையில்லை.

கடைக்குப் போகும்போது ஆம்ப் எழுதிய அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். எல்.எஃப்.பி. என்றால் தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும், எந்த வெப்பத்தில் துண்டிக்கும், வரிசையில் மாட்டலாமா, எந்தச் சார்ஜர், பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் இருக்க ஐ.பி. தரம் எத்தனை என்று கேளுங்கள். ஈயம் என்றால் 20 மணி நேர அளவோடு நிறுத்தாமல் 5 மணி நேரத்தில் எத்தனை ஏ.எச். கிடைக்கும் என்று கேளுங்கள். பதில்களை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். புது பேட்டரி மாட்டிய முதல் ஓட்டத்தைக் கரையோரமாகவே, உயிர்காப்புச் சட்டை போட்டு, துடுப்பு இரண்டோடு வைத்துக்கொண்டு, பழைய சீட்டில் உள்ள ஆம்புகள் அப்படியே வருகின்றனவா என்று மறுபடி அளந்து பாருங்கள்.